உதவி: மழைநீர் பிஎச் 5.2, கறிவேப்பிலை மஞ்சள். சுண்ணாம்பு போடலாமா?

செம்பூர்_மாடி: மும்பை செம்பூர், மொட்டைமாடித் தோட்டம். வாளியில் பிடித்த மழைநீர் பேனா மீட்டரில் பிஎச் (அமில-கார அளவு; 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம்) 5.2 காட்டுகிறது. கறிவேப்பிலைக் கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சை. மாகுல் பக்கம் சுத்திகரிப்பு ஆலைகள் இருப்பதால் அமில மழையோ என்று சந்தேகம். 20 லிட்டர் தொட்டி, செம்மண்ணும் தேங்காய் நார்த்தூளும். ஒரு கைப்பிடி சுண்ணாம்பு போடச் சொல்கிறார்கள்.

வேர்க்கால்: சுண்ணாம்பைத் தொடாதீங்க. கொழுந்தில் இப்படி வந்தால் அது இரும்புச்சத்துக் குறைவு. மண் காரமானாலோ, தண்ணீர் தேங்கி வேர் மூச்சுமுட்டினாலோ வரும். அமில மண்ணில் இரும்பு நன்றாகவே கரையும். நீற்றுச் சுண்ணாம்புக் கரைசல் பிஎச் 12, வேர் வெந்துவிடும்.

கார்பன் டை ஆக்சைடு கரைந்தாலே சுத்தமான மழை 5.6க்கு இறங்கும். இலை நேரடியாகக் கருக, பெரும்பாலும் 3.5க்குக் கீழே போகணும். மழைநீரில் உப்பு மிகக் குறைவு என்பதால் மலிவு மீட்டர் அலைபாயும். 4.01, 6.86 பஃபரில் (பிஎச் முன்பே தெரிந்த கரைசல்) சரிசெய்து, எண் நிலைக்க ஐந்து நிமிடம் விடுங்க. அளக்கத் தளத்தில் ஓடிவந்த தண்ணீர் வேண்டாம், சிமென்ட் பட்டால் 7ஐத் தாண்டிவிடும்.

கணக்குப்பிள்ளை: பருவமழை 2,000 மி.மீ. என்று வைத்தால் சதுர மீட்டருக்கு 2,000 லிட்டர். பிஎச் 5.2இல் லிட்டருக்கு 6.3 மைக்ரோமோல் அமிலம் (மோல் என்பது வேதிப்பொருளின் அளவு அலகு), மொத்தம் 12.6 மில்லிமோல். ஈடுகட்ட 0.63 கிராம் சுண்ணாம்புக்கல் தூள் போதும்! 4.5 ஆனாலும் 3.2 கிராம்தான். 1 கிராம் யூரியா உண்டாக்கும் அமிலத்துக்கே சுமார் 0.8 கிராம் வேணும்.

ஈரமண்: கணக்கு சரி, ஆனால் முழுசு இல்லை. மழையோடு வரும் அம்மோனியம் மண்ணில் நைட்ரேட்டாகும்போதும் அமிலம் வரும், மீட்டர் அதைக் காட்டாது. தொட்டிக்கு இது பெரிய விஷயமில்லை. சுண்ணாம்புச்சத்து இல்லாத மலைமண்ணிலும் ஏரியிலும்தான் அடி: பிஎச் 5க்குக் கீழே அலுமினியம் கரைந்து வேரையும் மீனின் செவுளையும் தாக்கும். ஸ்வீடனில் ஏரிக்கே சுண்ணாம்பு கொட்டினார்கள்.

நீங்க அளக்க வேண்டியது மண்ணை. காய்ந்த மண் 20 கிராம், டிஸ்டில்டு வாட்டர் 50 மில்லி, அரை மணி நேரம் அவ்வப்போது கலக்கி, பிறகு மீட்டரில் பாருங்க.

செம்பூர்_மாடி: மண் 7.8! கோடை முழுக்க போர் தண்ணீர்தான் ஊற்றினோம்.

வேர்க்கால்: அப்போ காரணம் அதுதான், போர் தண்ணீரில் கரைந்து, மண்ணைக் காரமாக்கும் பைகார்பனேட் உப்பு. 7.8இல் ஈடிடிஏ என்ற சேர்மத்தோடு பிணைத்த இரும்பு உரம் நிற்காது, ஈடிடிஎச்ஏவோடு பிணைத்ததை வாங்குங்க. அவசரத்துக்கு லிட்டருக்கு ஃபெரஸ் சல்பேட் (இரும்பு உப்பு) 5 கிராம், சிட்ரிக் அமிலம் 1 கிராம். மழை இல்லாத சாயங்காலம் இலையில் தெளிங்க. வடிகால் துளை அடைத்திருக்கிறதா என்றும் பாருங்க. அந்த மழைநீரையே ஊற்றுங்க, நல்லதுதான்.