மொனாக்கோ: படி ஏறாமல் பாறை மேல் போக வழி உண்டா?

வணக்கம் நண்பர்களே. செப்டம்பர் இரண்டாம் வாரம் அம்மாவோடு பிரான்ஸின் நீஸ் நகரில் தங்குகிறோம். அங்கிருந்து ரயிலில் அரை மணிக்குள் மொனாக்கோ என்ற குட்டி நாடு. ஒரு பகல்தான் கையில் இருக்கிறது. அம்மாவுக்கு 71 வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். சமதரையில் மெதுவாக நடப்பார். நாலு படி சேர்ந்தாற்போல் வந்தால் உட்கார்ந்துவிடுவார்.

சிக்கல் மொனாக்கோவின் பழைய ஊர் அமைந்திருக்கும் அந்த உயரமான பாறைதான். அரண்மனை, மொனாக்கோ இளவரசியான ஹாலிவுட் நடிகை கிரேஸ் கெல்லியின் கல்லறை உள்ள தேவாலயம், 1910-இல் திறக்கப்பட்ட கடலியல் அருங்காட்சியகம் எல்லாமே அதன் உச்சியில். அரண்மனை வாசலில் காவலர் மாற்றம் காலை 11.55-க்கு, அதை அம்மா பார்த்தே ஆக வேண்டுமாம். மான்டி கார்லோ கசினோ பற்றிக் கவலையில்லை, பாரிஸ் ஓப்பராவைக் கட்டிய கார்னியேயின் கைவண்ணமும் உள்ள அந்தக் கட்டடத்தை வெளியே நின்று பார்த்தால் போதும். (மொனாக்கோ குடிமக்களுக்கே அங்கே சூதாட அனுமதி கிடையாது என்றதும் அம்மாவுக்கு ஒரே சிரிப்பு.)

இதுவரை பார்த்தது: மேப் காட்டும் நடைவழி செங்குத்துச் சரிவும் படிகளுமாகப் போகிறது. வாடகைக் கார் சரிப்படாது, வெளியூர் பதிவெண் வண்டிகளைப் பாறை மேல் விடுவதில்லை. பெஷேர் கார் நிறுத்துமிடத்திலிருந்து அருங்காட்சியகத்துக்கு லிஃப்ட் உண்டு, ஆனால் அதுவரை போக வேண்டுமே. 1, 2 எண் பேருந்துகள் மேலே போகின்றன. ரயில் நிலையமோ மலைக்குள் குடைந்து கட்டியது, பல மட்டங்களில் வாசல்கள். விடுதிக்கு எழுதிக் கேட்டேன். “ஊர் முழுக்க லிஃப்ட் இருக்கிறது” என்று ஒற்றை வரி பதில்.

வயதானவர்களோடு போய் வந்தவர்கள் சொல்லுங்கள்: எந்த வாசலில் வெளியே வந்தால் படியே இல்லாமல் அந்தப் பேருந்தைப் பிடிக்கலாம்?