இங்கிலாந்தில் ஒருவர் இறந்தபின் புரொபேட் எடுப்பது: புதிதாக வந்த தமிழ்க் குடும்பங்களுக்கு

இங்கே சொல்வது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டும் பொருந்தும். ஸ்கொட்லாந்திலும் வட அயர்லாந்திலும் நடைமுறை வேறு.

புரொபேட் என்றதும் நீதிபதி முன்னால் நிற்க வேண்டும் என்று பலர் பயப்படுகிறார்கள். யாரும் எதிர்க்காத சொத்தென்றால் எல்லாம் தாளிலும் ஒன்லைனிலுமே முடிந்துவிடும். இறந்தவரின் சொத்தைக் கையாளும் அதிகாரம் உங்களுக்கு உண்டு என்று புரொபேட் ரெஜிஸ்ட்ரி ஒரு பத்திரம் தரும். அதைத்தான் 'கிராண்ட்' என்கிறார்கள். உயில் இருந்தால் அதில் பெயர் குறித்த எக்ஸிகியூட்டர் (உயிலை நிறைவேற்றுபவர்) பிஏ1பி படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும். உயில் இல்லையென்றால் நெருங்கிய உறவினர் பிஏ1ஏ படிவத்தில். சொத்து 5,000 பவுணைத் தாண்டினால் 300 பவுண் கட்டணம் (2024 மே முதல்).

வேலை ஆரம்பிப்பது மரணப் பதிவில். மெடிக்கல் எக்ஸாமினர் (மரணக் காரணத்தைச் சரிபார்க்கும் மருத்துவர்) சான்றிதழை ரெஜிஸ்ட்ராருக்கு அனுப்பியதிலிருந்து 5 நாளுக்குள் பதிய வேண்டும். கொரோனர் (மரண விசாரணை அதிகாரி) விசாரணை நடந்தால் அவர் தரும் இடைக்காலச் சான்றிதழை வைத்தே புரொபேட்டுக்குப் போகலாம். விசாரணை முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மரணச் சான்றிதழில் 5 அல்லது 6 பிரதி ஒரேயடியாக வாங்குங்கள். வங்கி, காப்புறுதி, ஓய்வூதியம், ஊர்க் காணி என்று ஒவ்வொரு இடத்திலும் மூலப் பிரதி கேட்பார்கள்.

நம்மவர்களின் விண்ணப்பம் அதிகம் இடறும் இடம் பெயர். பாஸ்போர்ட்டில் 'கந்தையா சிவராசா', வங்கியில் 'கே. சிவராசா', வீட்டு உறுதியில் 'சிவராசா கந்தையா', பழைய காப்புறுதியில் வேறு எழுத்துக்கூட்டல். நமக்கு நான்கும் ஒரே ஆள். பதிவாளருக்கு நான்கு பேர். மரணத்தைப் பதியும்போதே 'இப்பெயராலும் அறியப்பட்டவர்' என்று மற்றப் பெயர்களையும் சேர்க்கச் சொல்லுங்கள். புரொபேட் படிவத்திலும் வேறு பெயர்களைக் கேட்கும் பகுதி இருக்கிறது. எந்தச் சொத்து எந்தப் பெயரில் என்று அங்கே எழுத வேண்டும். இதை விட்டுவிட்டால் கிராண்டில் இல்லாத பெயரில் இருக்கும் கணக்கை வங்கி திறந்து தராது. கிராண்டைத் திருத்த மறுபடி ரெஜிஸ்ட்ரிக்குப் போக வேண்டும்.

உயிலின் மூலப் பிரதியைத்தான் அனுப்ப வேண்டும். போட்டோகொப்பி எடுக்கிறேன் என்று ஸ்டேப்பிள் பின்னைக் கழற்றாதீர்கள். துளை தெரிந்தால், ஏதாவது ஒரு பக்கம் உருவப்பட்டதா, இன்னொரு தாள் இணைந்திருந்ததா என்று ரெஜிஸ்ட்ரி சந்தேகித்து விளக்கம் எழுதித் தரச் சொல்லும். தமிழில் எழுதிய உயில் செல்லும். சான்றுபெற்ற ஆங்கில மொழிபெயர்ப்பு கூட வேண்டும். உயிலுக்கு இரண்டு சாட்சிகள் தேவை. சாட்சிக் கையெழுத்து வைத்தவருக்கோ அவருடைய கணவன் மனைவிக்கோ எழுதிய பங்கு செல்லாது. திருமணத்துக்கு முன் எழுதிய உயில் பொதுவாகத் திருமணத்தோடு ரத்தாகிவிடும்.

வீடு யார் பெயரில், எந்த முறையில் இருக்கிறது என்பதை லாண்ட் ரெஜிஸ்ட்ரியில் (காணி, வீட்டு உரிமைப் பதிவகம்) பார்த்துவிடுங்கள். கணவனும் மனைவியும் 'ஜொயின்ட் டெனன்ட்ஸ்' (தனித்தனிப் பங்கின்றி முழு வீட்டுக்கும் சேர்ந்தே உரிமையாளர்) என்றால் வீடு நேரே உயிரோடிருப்பவருக்குப் போகும். டிஜேபி படிவமும் மரணச் சான்றிதழும் போதும், கட்டணமும் இல்லை. பதிவேட்டில், தனி உரிமையாளர் ஒருவர் மட்டும் விற்க முடியாது என்ற பொருளில் ஒரு கட்டுப்பாடு எழுதியிருந்தால் பெரும்பாலும் 'டெனன்ட்ஸ் இன் கொமன்' (ஒவ்வொருவருக்கும் தனிப் பங்கு). அப்போது இறந்தவரின் பங்கு உயில்படியோ சட்டப்படியோ போகும், கிராண்டும் வேண்டும்.

உயில் இல்லாமல் இறந்தால்

கணவனோ மனைவியோ, பிள்ளைகளும் இருந்தால், இறந்தவரின் பாவனைப் பொருட்கள் எல்லாமும் முதல் 322,000 பவுணும் (2023 ஜூலை 26 முதல்) துணைவருக்கு. மிச்சத்தில் பாதி துணைவருக்கு, பாதி பிள்ளைகளுக்கு. பிள்ளைகள் இல்லையென்றால் முழுவதும் துணைவருக்கே. பங்கு பெறும் பிள்ளை 18 வயதுக்குக் கீழ் என்றால் தாயோ தந்தையோ தனியாக விண்ணப்பிக்க முடியாது. சாதாரணமாக இரண்டு நிர்வாகிகள் (உயில் இல்லாதபோது கிராண்ட் எடுப்பவர்கள்) வேண்டும். நம்பிக்கையான இன்னொருவரை முன்னமே கேட்டு வையுங்கள்.

இதில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இங்கே மண்டபத்தில் தாலி கட்டி, சட்டப்படி பதியாமல் விட்ட தம்பதிகள் இருக்கிறார்கள். சட்டத்தின் கண்ணில் அது திருமணமே இல்லை. 2020 இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் பதியாத சமயச் சடங்கு ஒன்றைப் பற்றி அப்படித்தான் தீர்ப்புச் சொன்னது. இருபது வருடம் ஒன்றாக வாழ்ந்தவளுக்கும் உயில் இல்லாவிட்டால் தானாக ஒரு சதமும் வராது. குடும்பத்தாருக்கும் தங்கி வாழ்ந்தவர்களுக்கும் பங்கு தரும் 1975 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நீதிமன்றத்தில் பங்கு கேட்கலாம். அதற்குக் கிராண்ட் வந்து 6 மாதம்தான் தவணை. இலங்கையிலோ இந்தியாவிலோ அந்நாட்டுச் சட்டப்படி செல்லுபடியாக நடந்த திருமணம் இங்கே ஏற்கப்படும். இங்கே பதியாதவர்கள் சட்டப்படியான பதிவுத் திருமணத்துக்கு இந்த மாதமே ஏற்பாடு செய்யுங்கள், உயிலும் எழுதுங்கள்.

வரி முதலில், கிராண்ட் பிறகு

மரபுரிமை வரிக்கு 325,000 பவுண்வரை விலக்கு. வீடு பிள்ளைகளுக்கோ பேரப்பிள்ளைகளுக்கோ போனால் மேலும் 175,000 வரை. அதற்கு மேல் 40 வீதம். கணவன் மனைவிக்கிடையே பொதுவாக வரி இல்லை. முதலில் இறந்தவர் பாவிக்காத விலக்கை மற்றவர் இறக்கும்போது கோரலாம். அதனால் முதல் மரணத்தின் தாள்கள் ஒன்றையும் எறியாதீர்கள்.

வரி வராது என்பதும் படிவம் தேவையில்லை என்பதும் வெவ்வேறு. 450,000 பவுண் சொத்து வீட்டோடு பிள்ளைகளுக்குப் போனால் வரி வராது. ஆனால் அந்த 175,000 விலக்கைக் கோர ஐஎச்டி400 என்ற முழுக் கணக்குக் கொடுத்தாக வேண்டும். வெளிநாட்டுச் சொத்து 100,000 பவுணைத் தாண்டினாலும் அப்படித்தான். கொழும்பில் ஒரு அடுக்குமாடி வீடு இருந்தாலே இந்தக் கோட்டைத் தாண்டிவிடலாம். 2025 ஏப்ரல் 6 முதல், கடந்த 20 வரி ஆண்டுகளில் 10 ஆண்டு இங்கே வசித்தவரின் உலகச் சொத்து முழுவதும் இந்த வரிக் கணக்கில் வரும். ஊர்க் காணியை மறைப்பது மோசமான யோசனை. அதன் சுமை கையெழுத்துப் போடும் எக்ஸிகியூட்டர் தலையில்தான் விழும்.

ஐஎச்டி400 அனுப்பினால், வரி அலுவலகம் புரொபேட்டுக்கான இலக்கத்தை உங்களுக்கு அனுப்பும். அது வந்தபின் விண்ணப்பியுங்கள். அவசரப்பட்டு முந்தினால் விண்ணப்பம் நின்றுவிடும், அப்படி நின்றவை நகர நெடுநாள் எடுக்கும். இறந்த மாதம் முடிந்து ஆறாவது மாதக் கடைசிக்குள் வரி கட்ட வேண்டும், பிந்தினால் வட்டி. கையில் காசில்லையென்றால் ஐஎச்டி423 மூலம் இறந்தவரின் வங்கியிலிருந்தே நேரடியாகக் கட்டச் சொல்லலாம். வீட்டுக்குரிய வரியை 10 ஆண்டுத் தவணையில் கட்டவும் வழி உண்டு.

கிராண்ட் கிடைத்தபின்

கிராண்டின் மேலதிகப் பிரதிகளை விண்ணப்பத்தோடேயே கேளுங்கள். பணத்தை உடனே பிரிக்காதீர்கள். 'கசெட்'டிலும் (அரச வர்த்தமானி) உள்ளூர்ப் பத்திரிகையிலும் விளம்பரம் போட்டுக் கடன்காரருக்கு குறைந்தது 2 மாதம் கொடுத்தால், பிறகு தெரியாத கடன் கிளம்பினாலும் உங்கள் சொந்தக் காசிலிருந்து கட்ட வேண்டிவராது. இறந்தவர் பென்ஷன் கிரெடிட் (வருமானம் குறைந்த முதியோருக்கான அரச உதவி) எடுத்திருந்தால், கிராண்டில் தெரியும் தொகையைப் பார்த்து, சேமிப்பை முன்பு காட்டினாரா என்று டிடபிள்யூபி (அந்த உதவியைத் தரும் அரச திணைக்களம்) விசாரிக்கலாம். அந்தக் கடிதம் வந்தால் பதில் தீரும்வரை காசைத் தொடவே கூடாது.

வழக்கமாக வரும் கேள்விகள்

"அடக்கச் செலவுக்கே காசில்லை, வங்கி கணக்கை முடக்கிவிட்டது." இறுதிச்சடங்கு நிறுவனத்தின் பில்லைக் காட்டினால் கிராண்ட் இல்லாமலே வங்கிகள் பொதுவாக அந்த நிறுவனத்துக்கு நேரே கட்டும்.

"வீடு சும்மா பூட்டிக் கிடக்கிறது." காப்புறுதிக்காரருக்கு உடனே அறிவியுங்கள், ஆளில்லாத வீட்டுக்கு 30 அல்லது 60 நாளுக்குப் பிறகு பல ஒப்பந்தங்கள் காப்பைக் குறைத்துவிடும். இறந்தவர் மட்டுமே உரிமையாளராக இருந்த வெற்று வீட்டுக்கு கிராண்ட் வரும்வரையும், சொத்து கைமாறாவிட்டால் அதன்பின் 6 மாதம்வரையும் கவுன்சில் டாக்ஸ் விலக்கு உண்டு. கேட்டால்தான் தருவார்கள்.

"அண்ணன் எக்ஸிகியூட்டர், அவருக்கு விருப்பமில்லை." பிஏ15 படிவத்தில் விலகலாம். ஆனால் இறந்தவரின் காசை எடுத்துக் கடன் அடைத்தல், பொருளை விற்றல் போன்ற வேலையில் கை வைத்துவிட்டால் விலகும் உரிமை போய்விடும். ஆகவே யோசிக்கிறவர் எதையும் தொடாமல் யோசிக்கட்டும்.

"யாழ்ப்பாணக் காணிக்கும் இந்தக் கிராண்ட் செல்லுமா?" தானாகச் செல்லாது. அசையாச் சொத்து எந்த நாட்டில் இருக்கிறதோ அந்நாட்டுச் சட்டமே அதை ஆளும்; 322,000 கணக்கு அங்கே எடுபடாது, தேசவழமை (யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம்) பொருந்துமா என்றும் பார்க்க வேண்டும். அங்குள்ள சட்டத்தரணியிடம், கிராண்டின் பிரதியை எந்த விதமாகச் சான்றுறுதிப்படுத்தி அனுப்ப வேண்டும் என்று எழுத்தில் கேட்டுவிட்டு, அதன்படி இங்கே எடுங்கள்.