மீன் செத்தால் பிழை யாரில்?

உவர்மலை:
திருகோணமலையில் ஒரு கடையில் மகளுக்கு மூன்று தங்கமீன் வாங்கினேன். கடைக்காரர் சின்னக் கண்ணாடிக் கிண்ணம் ஒன்றும் தந்து இது போதும் என்றார், நான்காம் நாள் காலையில் பார்த்தால் மூன்றும் வாய் பிளந்தபடி மிதந்தன, பிள்ளை இன்னும் அழுகிறாள். பிழை யாரில்?

நிலாவெளி அக்கா:
கடையில்தான் தம்பி. தங்கமீன் 20 சென்டிமீட்டருக்கு மேலும் வளரும், கழிவும் அதிகம். கிண்ணத்தில் அந்தக் கழிவிலிருந்து வரும் அம்மோனியா என்ற நச்சு ஏறி செவுள் எரிந்திருக்கும். தெரிந்தும் சொல்லாமல் விற்பது அநியாயம்.

பாலையூற்று:
வாங்குபவருக்கும் பங்கு உண்டு. குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றினீர்களா? குளோரின் போக ஒரு நாளாவது வாளியில் திறந்து வைக்க வேண்டும். அப்புறம், புதுத் தொட்டியில் அந்த அம்மோனியாவை முறிக்கும் நல்ல பாக்டீரியா பெருக 4 முதல் 6 கிழமை எடுக்கும், அதுவரை மீனைக் குறைத்து, அடிக்கடி கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள்.

உவர்மலை:
நேரே குழாயில் பிடித்துத்தான் ஊற்றினேன். அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.