தென் மாநிலங்கள் சேர்ந்து மின்சாரத்துக்குத் திட்டம் போடவே முடியாதா?

முப்பந்தல்காற்று:

ரொம்ப நாளாகக் கேட்க நினைத்தது. ஆடிக் காற்று நன்றாக அடிக்கும்போது தமிழ்நாட்டுக் காற்றாலைகளை ஓட்டாமல் நிறுத்தி வைக்கச் சொல்கிறார்கள் என்று சீசன் தவறாமல் புகார் வருகிறது. அதே மாநிலம் ஏப்ரல், மே வந்தால் மின்சாரம் விற்கும் சந்தையான எக்ஸ்சேஞ்சில் போய், வந்த விலைக்கு வாங்குகிறது. பக்கத்தில் கேரளத்தில் மழைக்காலத்தில் அணைகள் நிரம்புகின்றன. கர்நாடகத்தில் பாவகடா பூங்காவில் மட்டும் 2050 மெகாவாட் சோலார், அதாவது பகலில் இருக்கும், ராத்திரி இருக்காது. ஐந்து மாநிலமும் புதுச்சேரியும் ஒரே கிரிட்டில், அதாவது ஒரே மின்தொகுப்பில்தான் இருக்கின்றன. ஆனால் கொள்கை அறிவிப்பு என்று வந்தால் ஒவ்வொரு அரசும் பக்கத்து மாநிலமே இல்லாதது போலத்தான் போடுகிறது: சொந்த அனல்மின் நிலையம், சொந்த சோலார் இலக்கு, சொந்த பேட்டரி டெண்டர்.

மின்சாரம் பொதுப்பட்டியலில் இருக்கிறது, மத்திய அரசுக்கும் பங்கு இருக்கிறது, அது சரி. ஆனால் மாநிலங்கள் தங்களுக்குள் பேசி முடிக்கக்கூடியதை ஏன் முடிப்பதில்லை? கம்பி போதவில்லையா, சட்டம் விடவில்லையா, இல்லை எல்லாம் அரசியல்தானா? விஷயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

டெஸ்பாட்ச்_பெரியவர்:

தம்பி, ஒத்துழைப்பே இல்லை என்று சொன்னால் அது பாதி உண்மைதான். பெங்களூரில் தென்மண்டல மின்குழு என்று ஒன்று இருக்கிறது, எல்லா மாநில மின்வாரியத்து ஆட்களும் அங்கே உட்கார்ந்து பேசுகிறார்கள், தலைமைப் பொறுப்பு மாநிலம் மாறி மாறிச் சுற்றி வரும். எந்த நிலையத்தை எந்த மாதம் பராமரிப்புக்கு நிறுத்துவது, எந்த லைனை எப்போது ஷட்டவுன் எடுப்பது என்பதெல்லாம் அங்கே பேசித்தான் முடிவாகிறது. அதே ஊரில் மண்டல லோடு டெஸ்பாட்ச் சென்டர். ஒரு நாளை 15 நிமிடக் கணக்கில் 96 துண்டாகப் பிரித்து, எந்தத் துண்டில் எந்த மாநிலம் எவ்வளவு எடுக்கலாம் என்று அட்டவணை கொடுப்பது அவர்கள். காவிரிக்காகத் தமிழ்நாடும் கர்நாடகமும் உச்ச நீதிமன்றத்தில் நின்ற நாட்களிலும் இரண்டு மாநிலத்து டெஸ்பாட்ச் அறைகளும் போனில் பேசிக்கொண்டுதான் இருந்தன. பேசாமல் இருக்க வழியில்லை, ஏனென்றால் ஃப்ரீக்வென்சி, அதாவது மின்னோட்டம் ஒரு நொடியில் எத்தனை முறை அலைகிறது என்ற அளவு, எல்லாருக்கும் ஒன்றுதான், அதை 49.90-க்கும் 50.05 ஹெர்ட்ஸுக்கும் நடுவில் பிடித்து வைக்க வேண்டும்.

இது நல்ல மனசால் நடக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். அட்டவணையை மீறி எடுத்தால் வாராவாரம் கணக்குப் போட்டுக் காசு கட்டச் சொல்வார்கள். தெற்கில் இந்த முறை 2003 ஜனவரியில் வந்தது. அதற்கு முன்பு ஆளாளுக்கு இழுத்து ஃப்ரீக்வென்சி 48-ஐ ஒட்டி இறங்கிக் கிடந்த நாட்கள் உண்டு, எத்தனை கூட்டம் போட்டுக் கெஞ்சினாலும் யாரும் கேட்கவில்லை, விலை வந்ததும் கேட்டார்கள்.

கம்பி விஷயத்துக்கு வருகிறேன். 2012 ஜூலை 30, 31 இரண்டு நாளும் வடக்கே கிரிட் விழுந்தது, இரண்டாம் நாளில் கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்து விழ, 60 கோடிப் பேருக்கு மேல் இருட்டில். தெற்குக்கு ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் அப்போது நமக்கும் அவர்களுக்கும் டி.சி. (நேர்மின்னோட்ட) இணைப்பு மட்டும்தான், அவர்கள் ஆட்டம் நம் பக்கம் வரவில்லை. ஆனால் அந்தத் தனிமைக்கு அதே வருடம் நாம் கொடுத்த விலை பெரியது. தமிழ்நாட்டில் மணிக்கணக்கில் பவர் கட், டெல்லி வேண்டாம் என்று விட்ட மின்சாரத்தைக் கொடுங்கள் என்று மாநில அரசு உச்ச நீதிமன்றம் வரை போனது, கொண்டுவரக் காரிடார் (இடம் உள்ள கம்பிப் பாதை) இல்லை என்பதுதான் பதில். 2013 டிசம்பர் 31-ல் ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கேவி லைன் சேர்ந்த பிறகுதான் நாடு முழுக்க ஒரே கிரிட். அப்புறம் சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து தமிழ்நாட்டின் புகளூருக்கு 6000 மெகாவாட் டி.சி. லைன், புகளூரிலிருந்து திருச்சூருக்கு 2000 மெகாவாட். ஆக, முதுகெலும்பு வந்துவிட்டது. மாநிலத்துக்குள் இருக்கும் துணைமின்நிலையங்களும் 230, 110 கேவி லைன்களும்தான் பல இடங்களில் இன்னும் பழசாகவும் சின்னதாகவும் கிடக்கின்றன. காற்றாலையை நிறுத்தச் சொல்வதில் ஒரு பங்கு இதனால் வருவது, அதைப் புதுப்பிக்க வேண்டியது மாநிலம்தான்.

டாரிஃப்_கணக்கு:

பெரியவர் சொன்னதோடு ஒத்துப்போகிறேன். ஆனால் அந்த ஒழுங்கெல்லாம் 15 நிமிடத்துக்கும் ஒரு வாரத்துக்கும்தான். பத்து வருடத்துக்கு என்று வந்தால் ஒரு மாநிலம் இன்னொன்றை நம்புவதில்லை, நம்பாததற்குக் காரணமும் இருக்கிறது.

2023 அக்டோபரில் மழை பொய்த்து கர்நாடகத்துக்குத் தட்டுப்பாடு வந்ததும் மின்சாரச் சட்டத்தின் 11-ஆம் பிரிவைக் கையில் எடுத்தார்கள். மாநிலத்துக்குள் இருக்கும் தனியார் நிலையங்கள் உற்பத்தியை மாநில கிரிட்டுக்கே கொடுக்க வேண்டும் என்று உத்தரவு. அவர்கள் மக்களைக் காப்பாற்ற எடுத்த முடிவு, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் வெளியே இருந்து பார்க்கும் ஒரு மின்துறைச் செயலாளர் என்ன நினைப்பார்? 'பக்கத்து மாநிலத்தை நம்பி நான் நிலையம் கட்டாமல் இருந்தால், எனக்குத் தேவைப்படும் அதே வாரத்தில் அவன் கதவைச் சாத்துவான்' என்றுதானே நினைப்பார். தவிர, உச்சம் எல்லாருக்கும் சேர்ந்தே வருகிறது. 2024 மே 2-ஆம் தேதி தமிழ்நாட்டின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது, அதே மே மாதத் தொடக்கத்தில்தான் கேரளமும் தன் பழைய உச்சத்தைத் தாண்டியது.

பணம் இன்னொரு பிரச்சினை. மாநிலம் பிரிந்த பிறகு 2014-லிருந்து 2017 வரை ஆந்திரம் தெலங்கானாவுக்குக் கொடுத்த மின்சாரத்துக்கு அசல் மட்டும் 3,441 கோடி ரூபாய் பாக்கி என்று ஒரு பக்கம் சொல்ல, எங்களுக்குத்தான் நீங்கள் தர வேண்டும் என்று மறுபக்கம் சொல்ல, மத்திய அரசு உத்தரவு, உயர் நீதிமன்றம் என்று இழுத்துக்கொண்டு போனது. ஒரே வாரியமாக இருந்தவர்களுக்கே இந்த நிலை. 2022 ஆகஸ்டில் நிலுவைக்காக 13 மாநிலங்களை எக்ஸ்சேஞ்சில் வாங்க விடாமல் தடுத்தார்களே, அதில் தமிழ்நாடு, கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா எல்லாமே இருந்தன. கடனில் இருக்கும் டிஸ்காம்கள் (மின்விநியோக நிறுவனங்கள்) சேர்ந்து முதலீடு செய்வோம் என்றால் எந்த வங்கி அசையும்?

அதனால் மாநிலங்கள் இப்போதைக்குப் பண்டமாற்றோடு நிறுத்திக்கொள்கின்றன. ஸ்வாப் அல்லது பேங்கிங் என்பார்கள்: மிச்சம் இருக்கும் மாதத்தில் யூனிட் கொடு, இல்லாத மாதத்தில் கொஞ்சம் கூடுதலாகத் திருப்பி வாங்கிக்கொள், பணம் கைமாற வேண்டாம். கேரளம் வட மாநிலங்களோடு இதை வழக்கமாகச் செய்கிறது. 11-ஆம் பிரிவைப் போட்ட அதே நெருக்கடியில் கர்நாடகம் உத்தரப் பிரதேசத்தோடும் பஞ்சாபோடும் இப்படித்தான் ஏற்பாடு செய்தது. கவனியுங்கள், பங்காளி பக்கத்து மாநிலம் கிடையாது. பஞ்சாபுக்கு நெல் நடவு ஜூனில், அப்போது நமக்குக் காற்றும் மழையும், நம் கோடையில் அவர்களுக்குத் தேவை குறைவு. பருவம் மாறுகிற இடத்தில்தான் ஒத்துழைப்பு சுலபமாக வருகிறது. தென் மாநிலங்களுக்குள் அது அவ்வளவு சுலபமாக வராததற்கு அரசியலைவிட வெயிலும் மழையும்தான் பெரிய காரணம் என்பது என் கருத்து.

கொங்குக்காரன்:

எல்லாரும் மெகாவாட், காரிடார் என்றே பேசுகிறீர்கள், அந்த டவர் யார் நிலத்தில் நிற்கிறது என்று ஒரு வரி வரவில்லை. எங்கள் பக்கம் உயர் மின் கோபுரத்துக்கு எதிராக விவசாயிகள் எத்தனை நாள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள் என்று தேடிப் பாருங்கள். 1885-ஆம் வருடத் தந்திச் சட்டத்து அதிகாரத்தை வைத்து உள்ளே வந்து டவர் போட்டார்கள். கீழே தென்னை வைக்க முடியாது, நிலத்தை வாங்க ஆள் வராது, கடன் கேட்டால் மதிப்பு குறைவு என்பார்கள். மின்சாரம் எங்கேயோ போகிறது, கம்பி மட்டும் எங்கள் தலைக்கு மேல். நாங்கள் மின்சாரத்துக்கு எதிரி இல்லை, எங்களைக் கேட்காமல் முடிவெடுப்பதுதான் பிரச்சினை.

கேரளத்தைப் பாருங்கள். கூடங்குளம் மின்சாரம் கொண்டுபோக வேண்டிய இடமண்–கொச்சி 400 கேவி லைன் நிலப் பிரச்சினையில் பத்து வருடத்துக்கும் மேல் கிடந்தது. பிறகு மாநில அரசே இறங்கி, இழப்பீட்டை உயர்த்தி, கூடுதல் செலவில் தானும் பங்கு போட்ட பிறகுதான் 2019-ல் முடிந்தது. புகளூர்–திருச்சூர் லைனில் கேரளத்துக்குள் ஒரு பகுதியைத் தரைக்கு அடியில் கேபிளாகவே கொண்டுபோனார்கள். அங்கே முடிந்தது இங்கே முடியாது என்று எங்களுக்குச் சொன்னார்கள்.

2024 ஜூனில் மத்திய மின் அமைச்சகம் டவர் அடி நிலத்துக்கு நில மதிப்பில் 200 சதவீதம், கம்பி போகும் பாதைக்கு 30 சதவீதம் என்று புது வழிகாட்டுதல் கொடுத்தது. முன்பு அது 85-ம் 15-ம். ஆனால் அதை ஏற்பதும் மாற்றுவதும் மாநிலத்தின் கையில். மாநிலங்கள் ஒத்துழைக்க வேண்டும் என்றால் முதலில் இதில் ஒத்துழைக்கட்டும். எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு தொகை, இந்தப் பக்கம் ஒரு தொகை என்று இருந்தால் எந்த ஊரில் கையெழுத்துப் போடுவார்கள்?

முப்பந்தல்காற்று:

கொங்குக்காரன் அண்ணா, இழப்பீட்டு விவரம் எனக்குப் புதுசு, நன்றி. அந்தத் தொகையை ஐந்து மாநிலமும் ஒன்றாக வைப்பது செய்யக்கூடிய காரியமாகத்தான் தெரிகிறது, யாரும் தோற்கப்போவதில்லை.

டாரிஃப்_கணக்கு, உச்சம் ஒரே மாதத்தில் வருகிறது என்பது புரிந்தது. ஆனால் மாதம் ஒன்றாக இருந்தால் நேரமும் ஒன்றா? அப்படி இல்லை என்றால் அங்கே ஏதாவது செய்ய முடியாதா?

டெஸ்பாட்ச்_பெரியவர்:

சரியான இடத்தில் கை வைத்தாய். நேரம் ஒன்று கிடையாது. தமிழ்நாட்டின் அந்த 20,830 வந்தது பகலில், கேரளத்துக்கு உச்சம் வருவது ராத்திரி, ஆட்கள் வீட்டுக்கு வந்து ஏ.சி. போட்ட பிறகு. பகலில் கர்நாடகத்தில், ஆந்திரத்தில், தமிழ்நாட்டில் சோலார் மிஞ்சும், சூரியன் இறங்கியதும் எல்லாருக்கும் பள்ளம். அதனால் இனி பங்கு போட்டுக்கொள்ள வேண்டியது சேமிப்பைத்தான்.

பகலில் மிஞ்சியதை வைத்துத் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி, ராத்திரி இறக்கி ஓட்டுவது நமக்குப் புதுசு இல்லை. ஆனைமலையில் காடம்பாறை 400 மெகாவாட் 1980-களின் கடைசியிலிருந்து இருக்கிறது, ஸ்ரீசைலம் இடதுகரையில் 900 மெகாவாட் இருக்கிறது. மலை எல்லா மாநிலத்துக்கும் ஒரே அளவில் வாய்க்கவில்லை. மேற்குத் தொடர்ச்சியில் இடம் இருக்கிறது, சோலார் இருப்பது வறண்ட சமவெளியில். ஒரு மாநிலம் இடம் கொடுத்து, இன்னொன்று பகல் மின்சாரம் கொடுத்து, ராத்திரி யூனிட்டை விகிதத்தில் பிரித்துக்கொள்ளலாம். விகிதத்தில் பிரிப்பதற்கு முன்மாதிரி இருக்கிறது, நர்மதை நதியின் சர்தார் சரோவர் அணையில் வரும் மின்சாரம் மத்தியப் பிரதேசத்துக்கு 57, மகாராஷ்டிரத்துக்கு 27, குஜராத்துக்கு 16 சதவீதம். அந்த மாநிலங்களுக்குள் சண்டை இல்லை என்று சொல்லவில்லை, எல்லா வழக்கையும் தாண்டி யூனிட் அந்தக் கணக்கில் பிரிந்துகொண்டிருக்கிறது. விகிதத்தை முதலிலேயே எழுதி வைத்ததால்தான் அது.

எழுதும்போது கவனமாக எழுத வேண்டும் என்பதற்கும் நம்மிடமே பாடம் உண்டு. தமிழ்நாடும் கேரளமும் தண்ணீர் பங்கிடும் பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தம் 1970-ல் கையெழுத்தானது, 1958-லிருந்து அமல் என்று வைத்தார்கள், 30 வருடத்துக்கு ஒருமுறை மறுபரிசீலனை என்று ஒரு விதி. 1988-ல் செய்ய வேண்டிய மறுபரிசீலனை பேச்சுவார்த்தையாகவே நீள்கிறது. மறுபரிசீலனை முடியாவிட்டால் என்ன செய்வது, யார் தீர்ப்பது, தட்டுப்பாடு வந்தால் 11-ஆம் பிரிவு இந்த நிலையத்துக்குப் பொருந்துமா பொருந்தாதா, இதெல்லாம் முதல் பக்கத்திலேயே வர வேண்டும். வாரக் கணக்கு போடும் அதே மண்டல மின்குழுவிடம் இந்தக் கணக்கையும் கொடுக்கலாம், புது அமைப்பு எதுவும் வேண்டாம்.

மலைக்காட்டில் எவ்வளவு கைவைக்கலாம் என்பது தனிக் கேள்வி, அதை நான் லேசாகச் சொல்லவில்லை. இருக்கிற அணைகளுக்கு நடுவிலேயே செய்யக்கூடிய இடங்களை முதலில் பார்க்கட்டும்.

டாரிஃப்_கணக்கு:

இது எனக்கும் ஒப்புதல். ஒரு நடைமுறைத் தடை மட்டும் சொல்கிறேன்: இரண்டு மாநிலம் சேர்ந்து ஒரு நிலையம் என்றால் இரண்டு மாநில ஒழுங்குமுறை ஆணையமும் தனித்தனியாக மின்கொள்முதலுக்கு ஒப்புதல் தர வேண்டும். ஒன்று சரி என்று இன்னொன்று விலை அதிகம் என்றால் அங்கேயே நின்றுவிடும். இரண்டு ஆணையமும் ஒரே மனுவைச் சேர்ந்து விசாரிக்கும் வழி ஒன்றை உருவாக்கினால் அது எந்த மாநாட்டையும்விடப் பயன்படும்.

இன்னொன்று, 2023-லிருந்து ஒவ்வொரு டிஸ்காமும் அடுத்த பத்து வருடத் தேவைக்கு எங்கிருந்து மின்சாரம் வரும் என்று திட்டம் தயாரித்து, வருடாவருடம் புதுப்பித்து, மாநில ஆணையத்திடம் ஒப்புதல் வாங்க வேண்டும் என்று வழிகாட்டுதல் வந்துவிட்டது. ஆணையம் கருத்துக் கேட்கும்போது பொதுமக்கள் யாரும் எழுதிக் கொடுக்கலாம். முப்பந்தல்காற்று, உங்கள் கேள்வியை அப்படியே அங்கே போடுங்கள்: ராத்திரி நேரத் தேவையில் பக்கத்து மாநிலத்தோடு பகிர்ந்துகொள்ளும் சேமிப்பைக் கணக்கில் எடுத்தீர்களா, எடுத்தால் புதிதாகக் கட்டும் அனல்மின் நிலையத்தில் எத்தனை மெகாவாட் குறையும்? எழுத்தில் கேட்டால் எழுத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். வரைவு எழுதினால் இங்கே போடுங்கள், எண்களை நான் சரிபார்த்துத் தருகிறேன்.