அப்டேட்: புது பிசில ஃபேன் சுத்துது, டிஸ்ப்ளே வரல – சரியாயிடுச்சு

போன வாரம் கேட்டிருந்தேன்ல, புதுசா அசெம்பிள் பண்ண பிசில ஃபேன் எல்லாம் சுத்துது, மானிட்டர்ல ஒண்ணும் வரல, மதர்போர்டுல டிராம் லைட் (ரேம்ல பிரச்சனைன்னா எரியுற லைட்) மட்டும் எரிஞ்சிட்டே இருக்குன்னு. பதில் போட்ட எல்லாருக்கும் ரொம்ப நன்றி.

முதல்ல சிபியுவுக்கு (பிராசஸர் சிப்புக்கு) போற 8 பின் பவர் கேபிள கழட்டி மாட்டினேன், அப்புறம் போர்டோட செட்டிங்ஸ் அழியட்டும்னு (இதுதான் சீமாஸ் கிளியர்) சீமாஸ் பேட்டரிய எடுத்துட்டு 5 நிமிஷம் கழிச்சு போட்டேன், ரெண்டுலயும் மாற்றமே இல்ல. ஒரு நண்பர், ரேம் ஒண்ண மட்டும் சிபியுலேர்ந்து எண்ணி 2வது ஸ்லாட்டுல போட்டு பாருங்கன்னு சொன்னாரே, அதுதான் வேலை செஞ்சுது. கிளிப் இல்லாத பக்கம் ரேம் முழுசா இறங்காமலே இருந்திருக்கு, அழுத்தினப்போ டக்குனு சத்தம் வந்துச்சு.

எதிர்பார்க்காத விஷயம் என்னன்னா அப்பவும் உடனே படம் வரல. டிடிஆர்5 வகை ரேம்ல முதல் தடவை மெமரி டிரெய்னிங் (ரேமுக்கு ஏத்த மாதிரி போர்டு தன்னை செட் பண்ணிக்கிறது) நடக்கும், எனக்கு கிட்டத்தட்ட 6 நிமிஷம் கருப்பு ஸ்கிரீன்தான். முன்னாடி ஒவ்வொரு தடவையும் நான் 1 நிமிஷத்துலயே ஆஃப் பண்ணிட்டேன், சீமாஸ் கிளியர் பண்ணாலும் டிரெய்னிங் முதல்லேர்ந்து ஆரம்பிக்கும், அதனால இதே பிரச்சனைன்னா தயவுசெஞ்சு 15 நிமிஷமாவது பவர் பட்டன தொடாதீங்க.

இப்போ ரெண்டு ரேமும் 2, 4ல நல்லா ஓடுது.