ஒரே கம்பெனி வண்டியை விட்டு வேறு கம்பெனிக்கு மாறியவர்கள், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

திரியைத் தொடங்கியவர்:

நான் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டது அப்பாவின் பைக்கில். பின்னால் உட்கார்ந்து என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு, "கிளட்சைப் படக்குன்னு விடாதே, மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அந்த வண்டியின் டேங்கில் இருந்த பெயர்தான் பிறகு நான் வாங்கிய இரண்டு வண்டிகளிலும் இருந்தது. மொத்தம் 21 வருடம். வேறு கம்பெனி ஷோரூமுக்குள் கால் வைத்ததே இல்லை. நண்பர்கள் புது வண்டி எடுத்துக்கொண்டு வந்து காட்டும்போது ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாதான் இருக்கு, ஆனா நம்ம வண்டி மாதிரி வராது" என்று சொல்லித் திருப்பிக் கொடுப்பேன். அதை மனதாரத்தான் சொன்னேன்.

கடைசியாக வைத்திருந்த வண்டியில், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற உதவும் ரெக்டிஃபையர் ஒரே வருடத்தில் இரண்டு முறை போனது. இரண்டாவது முறை இரவு. ஹெட்லைட் கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சளாகி, ஹாரன் குரல் இளைத்து, அப்புறம் இன்ஜினே அணைந்துவிட்டது. கைப்பேசி வெளிச்சத்தில் மூன்று கிலோமீட்டர் தள்ளினேன். மாற்றுப் பாகம் வர ஏழு வாரம் ஆனது. ஆனால் நான் மாறியது அதனால் இல்லை. எந்த வண்டியிலும் பாகம் கெடத்தான் செய்யும். சர்வீஸ் சென்டரில் இருந்தவர் வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "இந்த மாடலை நிறுத்தியாச்சு சார், புதுசு எடுத்துக்குங்க" என்றார். 21 வருடமாக நான் அந்தப் பெயரைச் சுமந்துகொண்டிருந்தேன். அந்தப் பெயருக்கு என்னைத் தெரியவே தெரியாது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

இப்போது வேறு கம்பெனி வண்டி எடுத்து நாலு மாதம் ஆகிறது. நல்ல வண்டி, குறை ஒன்றும் இல்லை. ஆனால் முதல் மூன்று வாரம் இண்டிகேட்டர் போட நினைக்கும்போதெல்லாம் ஹாரன் அடித்தேன். இதில் இரண்டும் மேல் கீழாக இடம் மாறி இருக்கின்றன. கிளட்ச் பிடிக்கும் இடமும் வேறு. பழைய வண்டியில் லீவரைப் பாதி விட்டதும் வண்டி நகரும். இதில் கிட்டத்தட்ட முழுதாக விட்ட பிறகுதான் பிடிக்கிறது. சிக்னலில் இரண்டு தடவை ஆஃப் ஆகிவிட்டது. இத்தனை வருடம் நான் பிராண்ட் மேல் வைத்த பிரியம் என்று நினைத்ததில் பெரும்பங்கு கட்டைவிரலுக்கும் கணுக்காலுக்கும் படிந்துபோன பழக்கமோ என்று தோன்றுகிறது. மற்றவர்களுக்கு எப்படி இருந்தது?


வலதுகால் கியர்:

பழக்கம் என்றீர்களே, அதைப் பற்றி என்னிடம் கேளுங்கள். பழைய புல்லட்டில் 19 வருடம் ஓட்டினேன். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியருக்கு மேலே தூக்க வேண்டும், மற்ற மூன்றுக்கும் கீழே மிதிக்க வேண்டும். நியூட்ரலுக்கென்று தனியாக ஒரு சின்ன லீவர் இருக்கும், குதிகாலால் தட்டினால் போதும். பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பெரும்பாலும் வலது பக்க கியர்தான். 1970களின் நடுவில் அமெரிக்கா இடது பக்கம்தான் கியர் இருக்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. அதற்குப் பிறகுதான் டிரையம்ஃப், நார்ட்டன் எல்லாம் மாறின. ஹார்லியின் ஸ்போர்ட்ஸ்டர்கூட அதுவரை வலது பக்க கியர்தான்.

நான் இடது கியர் வண்டிக்கு மாறி எட்டாவது நாள். தெரிந்த சாலை, ஆள் நடமாட்டம் இல்லை. ஒரு நாய் குறுக்கே வந்தது. என் இடது கால் பலமாக மிதித்தது. மிதித்தது பிரேக் இல்லை, கியர். வண்டி ஒரு கியர் இறங்கி உறுமிக்கொண்டு அதே வேகத்தில் போனது. முன் பிரேக்கை எப்படிப் பிடித்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. நாய் தப்பியது, நானும் தப்பினேன். யோசித்துச் செய்யும்போது கால் சரியாகத்தான் வேலை செய்யும். திடுக்கிடும்போது பழைய வண்டியைத்தான் ஓட்டும்.

மாறுகிற எல்லோருக்கும் சொல்வது: முதல் மாதம் ஆளில்லாத இடத்தில் தினமும் பத்து முறை பிரேக் போட்டுப் பழகுங்கள். 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நின்றுவிடும்வரை. அது கால் கேட்கிற பாடம், மனப்பாடம் செய்து வராது.


பழைய பாக்ஸர்:

வலதுகால் அண்ணன் சொன்னது சத்தியம். எனக்குக் கையில் நடந்தது. பழைய பிஎம்டபிள்யூக்களில் இண்டிகேட்டர் சுவிட்ச் ஒன்று இல்லை, இரண்டு. இடதுக்கு இடது கைப்பிடியில், வலதுக்கு வலது கைப்பிடியில், அணைக்க மூன்றாவதாக ஒன்று. பழகிவிட்டால் அதைவிட இயல்பானது இல்லை. அதிலிருந்து ஜப்பான் வண்டிக்கு மாறியபோது என் வலது கட்டைவிரல் ஒன்றுமில்லாத இடத்தைத் தடவிக்கொண்டே இருந்தது.


அறுநூற்றுத் தொண்ணூறு:

எங்கள் வீட்டில் அண்ணன்கள் இரண்டு பேரும் ஒரே கம்பெனி. எனக்கும் அதே கம்பெனியில்தான் எடுத்துக் கொடுத்தார்கள், நான் கேட்கவில்லை. சீட் உயரம் 800 மில்லிமீட்டருக்கு மேல். எனக்கு இரண்டு கால் விரல் நுனி மட்டும்தான் தரையில் படும். ஓடும்போது ஒன்றும் தெரியாது. நிற்கும்போதுதான் பயம். சிக்னல் தூரத்தில் தெரிந்தாலே எந்தப் பக்கம் சாலை சரிவாக இருக்கிறது, எந்தக் காலை ஊன்றலாம் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிடுவேன். "ஓட்ட ஓட்டப் பழகிடும்" என்றார்கள். மூன்று வருடம் பழகவில்லை.

அப்புறம் ஒரு தோழியின் ஹோண்டா ரெபெலில் உட்கார்ந்தேன். சீட் 690 மில்லிமீட்டர். இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் பதிந்தன, முட்டி லேசாக மடங்கியிருந்தது. ஓட்டவே இல்லை, சும்மா உட்கார்ந்திருந்தேன். கண் கலங்கிவிட்டது. இத்தனை நாள் பயம் என்னுடையது என்று நினைத்திருந்தேன். அது சீட்டுடையது.

அண்ணன்கள் ஒரு மாதம் சரியாகப் பேசவில்லை. "நம்ம வீட்டு வண்டியை விட்டுட்டே" என்றார் பெரியவர். அவர் உயரம் ஆறடி. வேறு என்ன சொல்ல?


ஸ்பேனர் பிடித்தவன்:

நான் ஓட்டுபவன் மட்டும் இல்லை, பழுது பார்ப்பவனும்கூட. பல கம்பெனி வண்டிகளையும் கழற்றி மாட்டியிருக்கிறேன். ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. "நான் இந்தக் கம்பெனியை விட மாட்டேன்" என்று சொல்கிறவர்களில் பாதிப் பேர் விடாமல் பிடித்திருப்பது மெக்கானிக்கை. தன் வண்டியின் சத்தத்தைக் கேட்டே டேப்பெட் லூஸா, செயின் லூஸா என்று சொல்லக்கூடிய ஆள் ஒருவர் இருக்கிறார், வண்டி மாறினால் அவரை இழக்க வேண்டி வரும் என்கிற பயம். நியாயமான பயம்தான். நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை.

மாறுகிறவர்கள் செய்யும் தவறு, பழைய வண்டியின் அளவுகளைப் புது வண்டிக்குக் கொண்டுபோவது. ஒரு வண்டிக்குச் செயின் தளர்வு 25 மில்லிமீட்டர் சரியாக இருக்கும், இன்னொன்றுக்கு அதைவிட நிறையத் தேவைப்படும். சஸ்பென்ஷன் நீளமாக ஆடுகிற வண்டியில் செயினை இறுக்கி வைத்தால் ஆள் ஏறி உட்கார்ந்ததும் அது விறைத்துக்கொண்டு கியர்பாக்ஸ் பேரிங்கைத் தின்றுவிடும். கையேட்டில் போட்டிருக்கும், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் ஸ்டிக்கரும் இருக்கும், படியுங்கள். ஆயிலும் அப்படித்தான். கிளட்ச் ஆயிலில் நனைந்தபடி ஓடும் வண்டிக்கு ஜாஸோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று போட்ட ஆயில்தான் வேண்டும். காருக்கு வாங்கியது மிச்சம் இருக்கிறது என்று ஊற்றினால் கிளட்ச் வழுக்கும்.

திரி தொடங்கிய நண்பருக்கு: அந்தப் பழைய வண்டி இன்னும் உங்களிடம் இருந்தால், இன்ஜினை ஓடவிட்டு, கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர் கொடுத்து, பேட்டரி முனைகளில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 13.5-லிருந்து 14.5 வோல்ட்டுக்குள் நிற்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரில் கோளாறு. 12.5-ஐத் தாண்டவே இல்லை என்றால் இன்ஜினில் கரண்ட் உண்டாக்கும் ஸ்டேட்டர் காயிலையும் அதன் வயர் கனெக்டரையும் பாருங்கள். கனெக்டர் கருகியிருந்தால் எத்தனை ரெக்டிஃபையர் மாற்றினாலும் போய்க்கொண்டேதான் இருக்கும். இரண்டு முறை போனது என்றதும் எனக்கு முதலில் அந்தச் சந்தேகம்தான் வந்தது.


சின்னம் மட்டும்:

நாம் எந்தப் பெயரின் மேல் பிரியம் வைத்திருக்கிறோம் என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். டிரையம்ஃப் 1983-இல் மூழ்கியது. ஜான் புளூர் என்பவர் பெயரை வாங்கி, ஹிங்க்லி என்கிற வேறு ஊரில் புதுத் தொழிற்சாலை கட்டி, 1990களின் தொடக்கத்தில் முற்றிலும் புது வண்டிகளோடு வந்தார். இந்தியன் மோட்டார் சைக்கிள் 1901-இல் தொடங்கி 1953-இல் நின்றுபோனது, 2011-இல் போலாரிஸ் வாங்கியது. ராயல் என்ஃபீல்டு இங்கிலாந்தின் ரெட்டிச்சில் பிறந்தது. அங்கே மூடிய பிறகும் இந்தியாவில் நிற்காமல் ஓடியது. என் தாத்தா ஓட்டிய டிரையம்ஃபுக்கும் நான் ஓட்டும் டிரையம்ஃபுக்கும் பொதுவாக ஒரு போல்ட்கூட இருக்காது. ஆனாலும் அந்த எழுத்தைப் பார்த்ததும் தாத்தா ஞாபகம் வருகிறது. அது பொய் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த ஞாபகத்துக்காகத்தான் நான் வாங்கினேன், இப்போதும் அதில் வருத்தம் இல்லை. மாறியது நாம் மட்டும் இல்லை, கம்பெனியும்தான் என்று சொல்ல வந்தேன்.


ஞாயிற்றுக்கிழமை:

எனக்கு வண்டியை விட்டது கஷ்டமாக இல்லை. ஆட்களை விட்டதுதான். ஒரே கம்பெனி வண்டிக்காரர்கள் சேர்ந்து போகும் குழுவில் ஒன்பது வருடம் இருந்தேன். மாறிய பிறகும் வரலாம் என்றுதான் சொன்னார்கள், யாரும் போகச் சொல்லவில்லை. ஆனால் நிறுத்தும் இடத்தில் வரிசையாக நிற்கும் முப்பது வண்டிகளுக்கு நடுவே என் வண்டி தனியாகத் தெரிந்தது. டீ குடிக்கும்போது பேச்சு வழக்கம்போல சைலென்சர், கார்பரேட்டர் ஜெட் என்று போனது, எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. மூன்றாவது வாரம் போகவில்லை. ஹார்லி 1983-லேயே தன் வண்டிக்காரர்களுக்கு ஒரு சங்கம் தொடங்கியது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. வண்டியை மாற்றுவது சுலபம், ஞாயிற்றுக்கிழமையை மாற்றுவதுதான் கடினம்.

அந்தக் குழுவில் ஒருவர் மட்டும் இன்னும் தனியாக வருவார். நாங்கள் இரண்டு பேர், இரண்டு கம்பெனி, மாதம் ஒரு முறை போகிறோம். பாதி வழியில் வண்டி மாற்றிக்கொள்வோம்.


திரும்பி வந்தவன்:

மாறினேன், இரண்டு வருடத்தில் திரும்பி வந்துவிட்டேன். கவாசகியில்தான் ஆரம்பம். அதில் வண்டி நிற்கும்போது முதல் கியரிலிருந்து மேலே தட்டினால் நியூட்ரலோடு நின்றுவிடும், இரண்டாவதுக்குத் தாவாது. கியர்பாக்ஸுக்குள் சின்ன எஃகு உருண்டைகள் இருக்கின்றன. வண்டி ஓடினால் ஷாஃப்ட் சுற்றும் வேகத்தில் விலகி வழிவிடும், நின்றால் உள்ளே விழுந்து தடுக்கும். அவ்வளவுதான் விஷயம். வேறு வண்டியில் ஒவ்வொரு சிக்னலிலும் நியூட்ரல் தேடித் தேடி என் பொறுமை போனது. சின்ன விஷயம் என்று சொல்லலாம். ஒரு நாளைக்கு நாற்பது முறை செய்கிற காரியம் எப்படிச் சின்ன விஷயம் ஆகும்?


திரியைத் தொடங்கியவர்:

எல்லோருக்கும் நன்றி. ஸ்பேனர் அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். பழைய வண்டியை நான் இன்னும் விற்கவில்லை. சீட்டைக் கழற்றி, ஸ்டேட்டரிலிருந்து வரும் வயரைப் பிடித்துக்கொண்டே போனால், அந்த வெள்ளைக் கனெக்டர் ஒரு மூலையில் பழுப்பாகி உருகியிருந்தது. மூன்று பின்களில் ஒன்று கறுத்துப்போய், கையில் எடுத்ததும் பொடியாக உதிர்ந்தது. இரண்டு முறை பிரித்து மாட்டியவர்கள் யாருமே அதைப் பார்க்கவில்லை. பார்க்காமல் விட்ட ஆட்கள் மேல் கோபம் வந்தது, வண்டி மேல் இல்லை. பாவம், அது என்ன செய்யும்.

கனெக்டரை வெட்டிவிட்டுப் புதிது போட்டேன். 14.2 காட்டியது. நேற்று மாலை அப்பாவைப் பின்னால் உட்கார வைத்து ஒரு சுற்றுப் போய்வந்தேன். அவருக்கு இப்போது ஏறி உட்காரவே ஒரு கை கொடுக்க வேண்டியிருக்கிறது.

புது வண்டியைக் கொடுக்கப் போவதில்லை, தினமும் அதில்தான் போகிறேன், பிடித்தும் இருக்கிறது. ஆனால் இன்று காலை ஏற்றத்தில் அது லேசாக ஒரு முறை இழுக்கத் தயங்கியது. யோசிப்பதற்கு முன்பே என் இடது கை கிளட்சை விட்டு டேங்குக்குக் கீழே போய், ரிசர்வுக்குத் திருப்ப பெட்ரோல் டேப்பைத் தேடியது. இது இன்ஜெக்‌ஷன் வண்டி, அங்கே டேப் கிடையாது. கை வெறும் தகட்டைத் தடவிவிட்டு மேலே வந்தது.