உப்பு, மஞ்சள் தண்ணியில போட்டா கீரையில இருக்கிற பூச்சிமருந்து போயிடுமா?

மயிலாப்பூர் அக்கா: நேத்து வாங்கின அரைக்கீரைக் கட்டைப் பிரிச்சதுமே மருந்து வாடை குப்புனு அடிச்சுது. கல்லுப்பு, மஞ்சத்தூள் போட்ட தண்ணியில அரைமணி நேரம் ஊறவெச்சேன், வாடையே இல்ல. எங்கம்மா காலத்துலேர்ந்து இதான் பழக்கம். போதும்தானே?

வேதியியல் வாத்தியார்: வாடை போச்சுன்னா மருந்து போச்சுன்னு அர்த்தமில்லீங்க. மஞ்சளை நம்பாதீங்க. 2017-ல அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்துல ஆப்பிள்ல ரெண்டு மருந்தைப் பூசிப் பார்த்தாங்க. லிட்டருக்கு 10 கிராம் சமையல் சோடா, அதாவது ரெண்டு டீஸ்பூன், கலந்த தண்ணியில 12-15 நிமிஷம் ஊறினதும் தோல் மேல இருந்தது போயிடுச்சு. சோடாவோட காரத்தன்மையில சில மருந்து உடைஞ்சிடும். புளித்தண்ணி, வினிகர்ல அந்த வேலை நடக்காது.

மாடித்தோட்டம்: சார், அதே ஆய்வுல அந்த ரெண்டுல ஒண்ணான தயாபெண்டசோல்ங்கிற பூஞ்சை மருந்து 20 சதவீதம் தோலைத் தாண்டி உள்ள போயிருந்துச்சே, அதை ஏன் விட்டுட்டீங்க? அதுவும் ஆப்பிள். வழுவழுன்னு தோல் இருக்கிற பழமும் கீரையும் ஒண்ணா?

வேதியியல் வாத்தியார்: ஒண்ணு இல்லதான் தம்பி. உள்ள போனதை சோடா எடுக்காது, ஒத்துக்கறேன். அதுக்காக மேல இருக்கிறதையும் சேர்த்துத் திங்கணுமா?

மாடித்தோட்டம்: அதுக்கு சோடா எதுக்கு? 2000-ல அமெரிக்காவோட கனெக்டிகட் மாநிலத்துல 12 மருந்தைச் சோதிச்சாங்க. வெறும் குழாய்த் தண்ணியில அலசினதுலயே 9 மருந்து கணிசமா குறைஞ்சுது. ஓடுற தண்ணியில இலையோட அடிப்பக்கத்தை விரலால தேய்ச்சு, தண்டுக் கணுவைப் பிரிச்சு அலசுங்க. நறுக்கிட்டு ஊறவெச்சா சத்துதான் தண்ணியோட போகும்.

கீரைக்காட்டுக்காரன்: ரெண்டு பேரும் பாத்திரத்தைச் சுத்தியே சண்டை போடுறீங்க. இமிடாகுளோபிரிட்ங்கிற பூச்சிமருந்தை வேர்ல ஊத்தினாலும் இலைக்கு ஏறும், எந்தத் தண்ணி அதை இறக்கும்? மருந்து அடிச்சா இத்தனை நாள் அறுக்கக்கூடாதுன்னு கணக்கு இருக்கு. கீரை மூணு நாலு வாரப் பயிர். அது முத்துறதுக்குள்ள அறுத்தாகணும், வியாபாரி வண்டியோட நிப்பார். ஓட்டை விழுந்த இலையை நீங்க வாங்குறீங்களா?

மயிலாப்பூர் அக்கா: அப்ப பழி எங்க தலையிலயா! ஓட்டை இல்லாத கட்டா பார்த்து எடுக்கிறது நான் மட்டும்தானா?

மயிலாப்பூர் அக்கா (மறுநாள்): தள்ளுவண்டி அண்ணன்கிட்ட ஓட்டை விழுந்த கீரை இருக்கான்னு கேட்டேன். “யாரும் எடுக்க மாட்டாங்கம்மா, இப்பத்தான் மாட்டுக்குப் போட்டேன்”ங்கிறார்.